முதலாம் இதழும் ஐந்தாம் இதழும்

குறிகாட்டுவான் இறங்குதுறையில் காத்து நிற்கும் நெடுந்தீவு மனிதன் படகைக் குறித்துக் கேட்கும் முதற் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இண்டைக்கு ஓடுமோ?" படகு புதியதா பழையதா, அதன் வெள்ளோட்டத்தன்று மாலை சூட்டிய பிரமுகர் யார், அவர் ஆற்றிய உரை யாது என்பனவெல்லாம் அவனுக்கு வேண்டாதவை. நோயுற்ற தாயை ஏற்றிச் செல்பவனுக்கும், பரீட்சை எழுதப் புறப்பட்ட மாணவிக்கும், பிடித்த மீனைக் கெடுமுன் விற்க வேண்டிய தொழிலாளிக்கும் தேவைப்படுவது தவறாமல் வருகின்ற படகு. கடல் சூழ்ந்த ஊரில் ஒழுங்கு என்பது அழகுக்கான பண்பன்று. அது வாழ்வின் நிபந்தனை.

நமது இலக்கிய உலகின் நிலையோ இதற்கு நேர்மாறானது. இங்கே வெள்ளோட்டங்கள் மிகுதி, ஓட்டங்கள் குறைவு. புதிய சஞ்சிகை ஒன்றின் வெளியீட்டு விழாவுக்கான அழைப்பிதழ் கிடைக்காத பருவம் ஏதும் யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆயின் அவ்வாறு பிறந்தவற்றுள் எத்தனை தமது ஐந்தாம் இதழைக் கண்டன என்று எவரும் கேட்பதில்லை. வாசகரிடம் முற்கூட்டியே சந்தா பெற்று நடத்தப்படும் வெளியீடு ஒன்றின் தலையாய கடமை, தொடங்கியதை முறையாகத் தொடர்வதா? அல்லது புதுப்புதுப் பெயர்களில் புதிய முயற்சிகளைத் தொடங்கிக்கொண்டே இருப்பதா? இது நிருவாகம் பற்றிய சிறு கேள்வியெனச் சிலர் ஒதுக்கக்கூடும். இலக்கியம் யாரைச் சார்ந்து நிற்கிறது என்ற பெருங் கேள்வியே இதனுள் மறைந்துள்ளது என்பது எனது கருத்து.

நான் கற்பிக்கும் தீவுப் பாடசாலையின் நூலக அலுமாரியில் ஒரு தட்டு முழுவதும் முதலாம் இதழ்களே உள்ளன. சிலவற்றுக்கு இரண்டாம் இதழும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவர் பதினால்வர் கைச்செலவுக் காசைச் சேர்த்து, புதிதாகத் தொடங்கிய ஒரு சஞ்சிகைக்கு ஆண்டுச் சந்தா கட்டினர். தகப்பன் கடலுக்குப் போகாத நாளில் வீட்டில் அடுப்பெரியாத பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். இரண்டு இதழ்கள் வந்தன. மாணவி ஒருத்தி தான் எழுதிய சிறுகதையை ஆசிரியருக்கு அனுப்பிவிட்டுப் பல வாரங்கள் காத்திருந்தாள். "சேர், மூண்டாவது புத்தகம் எப்ப வரும்?" என்று அவள் என்னைக் கேட்ட ஒவ்வொரு தடவையும் நான் ஒவ்வொரு சமாதானம் கூறினேன். மூன்றாவது புத்தகம் வரவில்லை. அடுத்த ஆண்டில் அதே ஆசிரியர் வேறொரு பெயரில் வேறொரு சஞ்சிகையைத் தொடங்குவதாக எனக்கோர் அழைப்பிதழ் வந்தது. அதனை நான் அம்மாணவரிடம் காட்டவில்லை. காட்டுவதற்கு நாணமாக இருந்தது.

இழந்த பணம் பெரிதன்று. ஆயின் அப்பிள்ளை அதன்பின் எங்கும் கதை அனுப்பவில்லை. அச்சில் வரும் உலகம் தன்னைப் போன்றோருக்கு உரியதன்று என்ற முடிவுக்கு அவள் வந்திருந்தாள். இலக்கியம் மக்களுக்கே என்று மேடையில் முழங்குகின்ற நாம், மக்களின் பிள்ளை ஒருத்தி முதன்முறையாகக் கதவைத் தட்டியபோது வீட்டில் இல்லாமற் போனோம்.

இவ்வாறு நிகழ்வதற்குத் தனிமனிதரின் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்வது மேலோட்டமான விளக்கம். அதன் பொருளாதார அடித்தளத்தை நோக்க வேண்டும். நம்மிடையே வெளியீட்டு விழா எவ்வாறு நடைபெறுகிறது? மங்கள விளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, ஆய்வுரை. பின்னர் முதற் பிரதி, சிறப்புப் பிரதிகள். பெயர் அழைக்கப்பட்ட வர்த்தகரும் பிரமுகரும் மேடையேறி, உறையில் இட்ட பணத்தைக் கொடுத்துப் பிரதியைப் பெற்று, புகைப்படத்துக்கு நின்று, இறங்கிச் செல்கின்றனர். அந்த உறைகளே முதலாம் இதழின் அச்சுக் கூலியைக் கட்டுகின்றன. இரண்டாம் இதழுக்கு விழா இல்லை. ஆகவே உறையும் இல்லை. புலம்பெயர்ந்த நாடொன்றிலிருந்து உதவும் அன்பரும் பெரும்பாலும் தொடக்கத்துக்கே உதவுகிறார். பதினேழாம் இதழுக்கான தாள் விலையில் தமது பெயரைப் பொறிக்க இடமில்லை அல்லவா?

இதிலிருந்து தெளிவாவது யாதெனில், தொடக்கம் புரவலரைச் சார்ந்தது; தொடர்ச்சி வாசகரைச் சார்ந்தது. அரசவையில் பாடிப் பரிசில் பெற்ற காலத்தின் எச்சம் வெளியீட்டு மேடையில் இன்னும் உயிரோடிருக்கிறது. சந்தா என்பதோ வேறொரு காலத்தின் படைப்பு. ஆசிரியரும் தொழிலாளியும் எழுதுவினைஞரும் மாணவரும் சிறு தொகைகளைச் சேர்த்து, எந்தப் பிரபுவின் தயவும் இன்றி ஒரு வெளியீட்டை வாழவைக்கும் ஜனநாயக ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி நம்பிக்கை. புதிய பெயரொன்றைத் தொடங்கி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அந்நம்பிக்கையின் ஒரு பகுதி செலவாகிறது; அடுத்து வரும் நேர்மையான முயற்சியும் அக்கடனைச் சுமந்தே பிறக்கிறது. 'ஆயுள் சந்தா' என்று அச்சிட்டுப் பெரும் தொகை கேட்கும் சஞ்சிகைகள் யாருடைய ஆயுளைக் குறிக்கின்றன என்று தீவக வாசகர் ஒருவர் என்னிடம் கேட்டார். நகைச்சுவையாகக் கேட்டாரெனினும் அதில் கசப்பும் இருந்தது.

வரலாறு இதுபற்றி என்ன கூறுகிறது? 1930இல் நா. பொன்னையா தொடங்கிய ஈழகேசரி 1958 வரை வெளிவந்தது. இலங்கையர்கோன், சம்பந்தன், வைத்திலிங்கம் ஆகியோரின் எழுத்து வாசகரைச் சென்றடைந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. வாரந்தோறும் வருமென்ற உறுதி இருந்தமையாலேயே இளைஞர்கள் எழுதினர். எழுதியதை அச்சிற் கண்டு, குறையுணர்ந்து, திருத்தி, மீண்டும் எழுதினர். ஒரு தலைமுறையின் கை பழகுவதற்கு அத்தகைய இடம் தேவை. ஒருநாள் திறந்து மறுநாள் பூட்டும் பள்ளிக்கூடத்தில் எவரும் எழுத்துக் கற்பதில்லை.

மல்லிகையின் கதை இதனினும் தெளிவானது. 1966 ஆகஸ்டில் டொமினிக் ஜீவா அதனைத் தொடங்கியபோது அவரிடம் நிலமோ குலப்பெருமையோ பட்டமோ இருக்கவில்லை. சவரத் தொழிலாளியாக உழைத்து, சாதி ஒடுக்குமுறையை உடலாலும் மனத்தாலும் அனுபவித்து, 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்காக 1960ஆம் ஆண்டின் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர் அவர். சஞ்சிகையைத் தாமே சுமந்து சென்று வீதியில் நின்று விற்றார். புரவலர் மேடையில் இடங்கிடைக்காத டானியல், தெணியான் போன்றோரின் குரல்களுக்கு அங்கே இடமிருந்தது. 1995இன் பெரும் இடப்பெயர்வுக்குப் பின் கொழும்பிலிருந்து தொடர்ந்து, 2012 வரையில் 400 இதழ்களைக் கடந்து அது நின்றது. 2021இல் ஜீவா மறைந்தபோது பலரும் நினைவுகூர்ந்தது மல்லிகை தொடங்கிய நாளை அன்று. அது நில்லாமல் வந்துகொண்டிருந்த ஆண்டுகளையே.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 46 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 12 வீதம், 550 இதழ்கள் அளவில் வந்திருக்க வேண்டும். வந்தவை 400ஐச் சற்றே கடந்தவை. ஆகவே மல்லிகையும் மாதந் தவறியதுண்டு. போர், இடப்பெயர்வு, தாள் தட்டுப்பாடு ஆகியவற்றைக் கடந்து வந்த வெளியீட்டிடம் நாட்காட்டியின் துல்லியத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. ஒழுங்கு என நான் கூறுவது, தவறினால் காரணம் சொல்லி மீண்டும் வரும் பொறுப்பையே. புயல் நாளில் படகு ஓடாததை நெடுந்தீவார் குற்றமாகக் கொள்வதில்லை. கடல் அடங்கிய பின்னும் வராத படகையே அவர்கள் மன்னிப்பதில்லை.

தமிழ்நாட்டிலும் இவ்வுண்மைக்குச் சான்றுண்டு. சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய 'எழுத்து' 1970 வரை நடந்தது. அதன் கலைக் கொள்கையோடு நமக்கு உடன்பாடின்மை உண்டு. உருவத்துக்கு அது கொடுத்த முதன்மையை முற்போக்காளர் கண்டித்ததில் நியாயமும் உண்டு. எனினும் புதுக்கவிதை என்ற வடிவம் தமிழில் வேரூன்றியது அப்பக்கங்களில் மாதந்தோறும் நடந்த இடையறாத சோதனையாலும் விவாதத்தாலுமே. திருகோணமலை இளைஞரான தருமு சிவராமு கடல் கடந்து அங்கே எழுதி வளர்ந்தார். அனுப்பியது அடுத்த இதழிலோ அதற்கடுத்ததிலோ வெளிவரும் என்ற நம்பிக்கையன்றி அது நிகழ்ந்திராது. கருத்தால் எதிரணியில் நிற்பவரிடமும் உழைப்பின் ஒழுங்கைக் கற்பதில் இழுக்கில்லை.

ஆயின் இவ்வாதத்தின் மறுபக்கத்தையும் நேர்மையோடு நோக்க வேண்டும். காரைநகருக்குச் செல்லும் பாலம் தொடங்கும் பொன்னாலையிற் பிறந்தவர் தி. ச. வரதராசன். 'வரதர்' என நாமறிந்த அவர் வாழ்நாள் முழுதும் புதியன தொடங்கியவர். 1946இல் தோழர்களோடு சேர்ந்து 'மறுமலர்ச்சி'. அது 1948இல் நின்ற பின்னர் 'ஆனந்தன்'. 1955இல் மஹாகவியின் துணையோடு கவிதைக்கென்றே 'தேன்மொழி'. அதன் பின் 'வெள்ளி', 'புதினம்', முதுமையில் மாணவருக்காக 'அறிவுக் களஞ்சியம்'. எனது அளவுகோலின்படி அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டுமா? வேண்டியதில்லை. சுமார் இரண்டு ஆண்டுகளே வாழ்ந்த மறுமலர்ச்சி ஒரு காலகட்டத்துக்கே தன் பெயரை ஈந்தது. வரதரின் ஒவ்வொரு தொடக்கத்துக்கும் வெவ்வேறு தேவை இருந்தது. கவிதைக்குத் தனி ஏடு இல்லாத வேளையில் கவிதை ஏடு. மாணவருக்குப் பொது அறிவு வாசிப்பு வேண்டியிருந்த வேளையில் அறிவு ஏடு. பழைய சரக்குக்குப் புதிய பெயரிட்டு அவர் விற்கவில்லை.

தீவகத்தின் மைந்தர் ஒருவரும் இதற்கு எடுத்துக்காட்டு. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிற் பிறந்த தனிநாயகம் அடிகள் 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கி, தமிழியலை உலக அறிஞரின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். 1966 வரை அது வந்தது. அதற்குள் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாகி, ஆய்வுலகின் தேவையும் விரிந்தது. 1969இல் அம்மன்றத்தின் புதிய ஆய்விதழ் பிறந்தது. பழைய இதழ் தன் பணியைச் செய்து முடித்த இடத்தில் புதியது தொடர்ந்தது. அதனால் வாசகர் எதையும் இழக்கவில்லை.

தொடர்ச்சி மட்டுமே தகுதியாகிவிடாது என்பதையும் கூறியாக வேண்டும். நீண்ட காலம் வெளிவரும் சஞ்சிகை, வெளிவருவதையே சாதனையெனக் கொண்டாடும் நோய்க்கு ஆளாவதுண்டு. ஆண்டு மலர், வாழ்த்துச் செய்தி, ஒருவரையொருவர் பாராட்டும் கட்டுரை என்று பக்கங்கள் நிரம்பும். விமர்சனம் வெளியே நிற்கும். 1975இல் 'அலை' தோன்றியதற்கு, அன்று வலுப்பெற்றிருந்த முற்போக்கு அணியின் இலக்கிய நோக்கில் நிறைவுகாணாத இளைஞர்கள் தமக்கென ஓர் இடத்தை நாடியதே காரணம். அவர்களது முடிவுகளை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் கதவு திறக்காத வீட்டின் முன் எத்தனை நாள் நிற்பது? வேறு வீடு கட்டுவதே வழி. அவ்வீட்டையும் அவர்கள் 1990 வரை காத்தனர் என்பதை மறக்கலாகாது.

எனவே புதியது வேண்டுமா, தொடர்ச்சி வேண்டுமா என்று இரண்டையும் மோதவிடுவது முழுமையான கேள்வியாகாது. புதுமை எங்கிருந்து எழுகிறது என்பதே கேள்வி. இதனை விளக்க, இலக்கியத்துக்கு முற்றிலும் எதிர்த்திசையில் நிற்கும் ஒரு வணிகத்தைச் சற்றே நோக்குவோம். 1940களின் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்ற ஏட்டில் நடிகர்களின் அந்தரங்கங்களை அச்சிட்டு விற்றார். அதற்கு அனுமதி தடைப்பட்டதும் 'இந்துநேசன்' என்ற பெயரில் அவ்வியாபாரமே தொடர்ந்தது. 1944 நவம்பரில் அவர் கொலையுண்டதும், அவ்வழக்கில் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று 1947இல் விடுதலையானதும் நாடறிந்த செய்தி. பெயர் மாறிற்று, சரக்கு மாறவில்லை.

மஞ்சள் ஏட்டின் இன்றைய வாரிசுகள் இணையத்தில், மாதக் கட்டணம் பெறும் ஆபாசத் தளங்களாக வாழ்கின்றன. பழைய தளத்தில் ஒழுங்காகப் புதியன சேர்ப்பதா, ஓயாமல் புதிய தளங்களைத் திறப்பதா என்ற கேள்வி அவ்வணிகருக்கும் உண்டு. விடையை இலாபக் கணக்கே தீர்மானிக்கும். கட்டணம் செலுத்துபவன் அவர்கள் கண்ணில் மனிதனல்லன்; ஓயாது தூண்டப்பட வேண்டிய வேட்கை மட்டுமே. அங்கே புதுமை என்பது அவனது சலிப்புக்குக் கொடுக்கும் தீனி; ஒழுங்கு என்பது அவனை விட்டுவிடாத தூண்டில். இரண்டும் ஒரே கையின் இரு விரல்கள். இலக்கிய சஞ்சிகை நடத்துவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: சந்தாதாரரை நாம் எவ்வாறு நோக்குகிறோம்? விழாவுக்குக் கூட்டமாகவும் அச்சுக்குப் பணமாகவும் மட்டும் நோக்குவோமாயின், நமது கொள்கை எத்துணை உயர்ந்ததாயினும், நாமும் அவரை மனிதராக மதிக்கவில்லை.

கண்டிப்பது எளிது, வழி கூறுவதும் விமர்சகனின் கடமை. முதலாவது, புதிய சஞ்சிகை தொடங்க எண்ணுவோர், இப்போது வருவனவற்றுள் தமது நோக்கத்துக்கு இடமில்லை என்பதை உறுதிசெய்து கொள்ள வேண்டும். இடமிருப்பின் அங்கே சென்று உழைக்கட்டும். ஆசிரியர் என்ற பெயரைத் துறந்து ஆசிரியர் குழுவில் ஒருவராவது பலருக்குக் கடினமே. ஆயின் கூட்டுழைப்பைப் பற்றி எழுதும் நாம் அதனைச் செய்து காட்டாவிடின் வேறெவர் செய்வார்? இரண்டாவது, மூன்று இதழ்களுக்கான எழுத்தும் செலவும் கையில் இருக்கும் வரை எவரிடமும் சந்தா பெறலாகாது. மூன்றாவது, ஆண்டுக்கொருமுறை வரவு செலவை வாசகருக்கு அச்சிட்டுக் காட்ட வேண்டும். நான்காவது, நிறுத்த நேர்ந்தால் அதனை அறிவித்து, எஞ்சிய சந்தாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இயலாவிடின் வேறொரு சஞ்சிகையின் இதழ்களால் அதனை ஈடுசெய்ய வேண்டும். மாதந்தோறும் இயலாதெனில் காலாண்டுக்கு ஒருமுறை என்று கூறி அதனைக் காப்பது இழிவன்று. அல்வாயிலிருந்து 2007இல் தொடங்கிய 'ஜீவநதி' நூற்றுக்கு மேற்பட்ட இதழ்களைக் கண்டது. பெருநகர வசதி இல்லாத இடத்திலும் இது இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வாசகருக்கும் கடமை உண்டு. விழாவில் உறை கொடுத்துப் பிரதி வாங்கி, வாசியாமலே வைத்துவிடும் நாம், ஓராண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கும்போது மட்டும் மறதி கொள்கிறோம். நூலகம் இணையத்தளம் 2005 முதல் நமது பழைய சஞ்சிகைகளைச் சேமித்து வருவதால், மறைந்த ஏடுகளையும் நமது மாணவர் இன்று இலவசமாகப் படிக்க இயலுகிறது. அது போற்றத்தக்க பணி. ஆனால் இறந்தவற்றைப் பேணும் சமூகம் உயிரோடிருப்பனவற்றுக்கு உணவிடாதிருப்பது முரண்பாடு அல்லவா?

நயினாதீவே மணிபல்லவம் எனக் கருதுவோர் பலர். ஆபுத்திரன் தன் அமுதசுரபியைக் கோமுகிப் பொய்கையில் இட்டான் என்றும், ஆண்டுக்கொருமுறை அது நீர்மேல் எழுந்து தோன்றும் என்றும் மணிமேகலைக் காப்பியம் கூறும். ஆண்டுக்கொருமுறை தோன்றிய பாத்திரத்தால் எவர் பசியும் தீரவில்லை. மணிமேகலை அதனைக் கையிலேந்தித் தெருவுக்குச் சென்று, நாள்தோறும் பசித்தோருக்கு ஊட்டத் தொடங்கிய பின்னரே அது அமுதசுரபியாயிற்று. எனது பாடசாலை அலுமாரியிலுள்ள முதலாம் இதழ்களும் பொய்கையில் கிடக்கும் பாத்திரங்களே. அவற்றோடு இன்னொன்றைச் சேர்ப்பதற்கு முன், முன்னர் கதை அனுப்பிய அம்மாணவிக்கு நாம் ஒரு மூன்றாம் இதழைக் கடன்பட்டிருக்கிறோம் என்பதை நினைவிற் கொள்வோம்.